கைடா, டியூஷனா, யூடியூபா? பிளஸ் டூ இங்கிலீஷ் கவிதைகளை எப்படித் திருப்புவது

பொங்கல் முடிந்த மறுவாரம் அக்கா போன் செய்தாள். “ஏன்டா தம்பி, இவனுக்கு இங்கிலீஷுக்கு ஒரு கைடு வாங்கிக் குடுத்தாப் போதுமா, இல்ல தர்மபுரியில டியூஷன் போடணுமா? யூடியூப்லயே எல்லாம் இருக்குன்னு இவன் சொல்றான். நீதான வாத்தியாரு, நீயே சொல்லு.”

அக்கா வீடு பாலக்கோட்டைத் தாண்டி மாரண்டஅள்ளிப் பக்கம். தக்காளி போட்டிருக்கிறார்கள். பெட்டி என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்த பிறகுதான் டியூஷன் பீஸைப் பற்றிப் பேசவே முடியும். பையன் கணிதம் உயிரியல் பிரிவு. அரையாண்டில் இங்கிலீஷ் 52.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கிறேன். தை பிறந்தால் இந்தக் கேள்வியை அக்கா மட்டும் கேட்பதில்லை, பள்ளி கேட்டில் நிற்கும் பெற்றோர் எல்லாரும் கேட்கிறார்கள். போனில் சொன்ன பதில் எனக்கே அரைகுறையாகப் பட்டது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மதிப்பெண் கணக்கு. எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. கடந்த சில வருட வினாத்தாள்களை எடுத்து வைத்துப் பாருங்கள். கவிதை வரிகளைக் கொடுத்துக் கேட்கும் 2 மதிப்பெண் கேள்விகளில் நான்கு எழுத வேண்டும், அது 8. ஈஆர்சி எனப்படும் இடஞ்சுட்டி விளக்குதல் இரண்டு, தலா 3, அது 6. கவிதைப் பாராகிராஃப் ஒன்று, 5. ஆக மொத்தம் 19. உரைநடைக்கு 11, துணைப்பாடத்துக்கு 5. இலக்கியத்தில் கவிதைதான் பெரிய பங்கு. பையன்கள் பயந்து விட்டுவிடுவதும் கவிதையைத்தான். கிராமர், லெட்டர், ஒன் வேர்டு இதையெல்லாம் பள்ளியிலேயே அரைத்து அரைத்துப் பழக்கிவிடுகிறோம். 52 வாங்குகிற பையன் 70 வாங்க வேண்டுமானால் இந்த 19-க்குள்தான் கை வைக்க வேண்டும்.

அதிலும் 14 மதிப்பெண் கவிதையின் சொந்த வரியைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக் கேட்கிற கேள்வி. இதை மனதில் வைத்துக்கொண்டு கைடுக்கு வருவோம்.

கைடைத் திட்டுவது வாத்தியார்களுக்கு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் ஸ்டாஃப் ரூம் அலமாரியிலேயே மூன்று கம்பெனி கைடு இருக்கிறது. புக் பேக் கேள்விக்கெல்லாம் விடை ஒரே இடத்தில் கிடைக்கிறது, சில நூறு ரூபாயில் வேலை முடிகிறது, பஸ் ஏற வேண்டியதில்லை. வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாத பிள்ளைக்கு ராத்திரி எட்டு மணிக்கு கைடைத் தவிர வேறு துணை கிடையாது.

கோளாறு எங்கே என்பதை அக்கா பையனின் நோட்டைப் பார்த்தபோதுதான் கண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். டென்னிசனின் ‘யுலிசீஸ்’ கவிதையை மனப்பாடம் செய்வதற்காகத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தான். ‘இட் லிட்டில் ப்ராபிட்ஸ் தட் அன் ஐடில் கிங்’ என்று நீல மையில், அழகான கையெழுத்து. இது அவன் மட்டும் செய்கிற காரியம் இல்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் இப்படித்தான் இங்கிலீஷ் கவிதையை உருப்போடுகிறார்கள். சரி, இப்போது அதையே இங்கிலீஷில் எழுது என்றேன். ‘ஐடில்’ என்ற சொல்லுக்கு ‘சாமி சிலை’ என்று பொருள்படும் சொல்லை எழுதிவிட்டான். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், எழுத்துத்தான் வேறு. “மாமா, ராஜாவுக்குச் சிலை வெச்சிருக்காங்களா?” என்று கேட்டான். சிரித்துவிட்டேன். அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. தமிழ் எழுத்தில் எழுதி வைத்தால் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

கைடைத் திறந்தோம். அதில் அந்த வரிக்குத் தமிழில் ‘சோம்பேறி அரசன்’ என்று போட்டிருந்தது. சிலை ராஜா போய் சோம்பேறி ராஜா வந்தார். இரண்டும் யுலிசீஸுக்குப் பொருந்தாது. டிராய் போர் 10 வருஷம், கடலில் அலைந்து வீடு திரும்ப 10 வருஷம் என்று பாடுபட்ட கிரேக்கக் கதை ராஜா அவன். இப்போது சின்னத் தீவில் அடுப்படி ஓரமாக உட்கார்ந்து, தன்னைப் புரிந்துகொள்ளாத ஜனங்களுக்குச் சட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுக்குச் செய்யத் தகுந்த வேலை இல்லை. ‘சும்மா கிடக்கிற ராஜா’ என்று போட்டிருந்தால் ஓரளவு சரி. சோம்பேறி என்று படித்த பையன் கவிதையின் எழுபது வரியையும் தலைகீழாகப் புரிந்துகொள்வான். கடைசி வரியில் ‘விட்டுக்கொடுக்க மாட்டேன்’ என்று அவன் முடிக்கும்போது, முதல் வரியில் சோம்பேறியாக இருந்த ஆள் எப்போது மாறினான் என்று குழம்புவான். குழம்பாமல் போனால் இன்னும் மோசம். அவன் படிக்கவே இல்லை என்று அர்த்தம்.

கைடில் இன்னொரு சங்கதி உண்டு, காமன் பாராகிராஃப். எந்தக் கவிதை வந்தாலும் தலைப்பையும் கவிஞர் பெயரையும் மாற்றிப் போட்டு எழுதும் பொதுப் பத்தி. ‘இது மிக அழகான கவிதை, கவிஞர் தம் கருத்தை மிக அழகாகச் சொல்கிறார், வாழ்வுக்குத் தேவையான நீதி இதில் உண்டு’ என்று இங்கிலீஷில் எட்டு வரி ஓடும். விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் ஒரே கட்டில் பத்துப் பதினைந்து பேப்பரில் அதே எட்டு வரி வரும். ஐந்துக்கு ஒன்றோ ஒன்றரையோ போட்டுவிட்டு அடுத்த பக்கம் திருப்ப வேண்டியதுதான். பாஸுக்குத் தவிக்கிற பிள்ளைக்கு அந்த ஒன்றரை பெரிது, இல்லை என்று சொல்லவில்லை. 52 வாங்கியவனுக்கு அது எதற்கு?

டியூஷன் விஷயம் எங்கள் பக்கத்தில் படிப்பைவிட பஸ் சம்பந்தப்பட்டது. மாரண்டஅள்ளிப் பக்கத்திலிருந்து தர்மபுரி போக ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. நாலரைக்குப் பள்ளி விட்டு, டியூஷன் முடித்து, கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் பையன் துவண்டுவிடுவான். பெண் பிள்ளை என்றால் அப்பா தினமும் பஸ் ஸ்டாப்பில் காத்து நிற்க வேண்டும். பென்னாகரம், தேன்கனிக்கோட்டை உள் கிராமங்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, அங்கே டியூஷன் என்ற பேச்சு எழுவதே அபூர்வம்.

போனால்தான் என்ன கிடைக்கும்? டவுன் டியூஷன் சென்டர்கள் நிற்பதே கணக்கிலும் பிசிக்ஸிலும்தான். இன்ஜினியரிங் கட் ஆஃபில் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டுமே சேரும். அதனால் இங்கிலீஷ் பெரும்பாலும் சனிக்கிழமை ஒரு மணி நேரம், அறுபது பேர், மைக். அங்கே நோட்ஸ் கொடுத்து டெஸ்ட் வைப்பார்கள். டெஸ்ட் வைப்பது நல்லதுதான். ஆனால் அந்த நோட்ஸும் கைடுதான், ஜெராக்ஸ் வாசனையோடு வருகிறது, அவ்வளவே. ஐந்தாறு பேரை உட்கார வைத்து வரி வரியாக வாசிக்கச் சொல்லும் ஓய்வு பெற்ற இங்கிலீஷ் வாத்தியார் யாராவது பக்கத்து ஊரில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள். அந்த மாதிரி ஆட்கள் போர்டு வைப்பதில்லை, விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

யூடியூபை நான் எதிர்பார்த்ததைவிட மதிக்க ஆரம்பித்திருக்கிறேன். உச்சரிப்பு ஒன்றுக்காகவே. எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் ‘உலிசஸ்’ என்றுதான் சொல்வார்கள். வாயில் வராத பெயரை யாரும் பேப்பரில் சரியாக எழுதுவதில்லை. கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் அங்கேயே கிடக்கின்றன, பாடப்புத்தகத்தில் ஸ்கேன் செய்கிற குறியீடும் இருக்கிறது. செலவு, டேட்டா மட்டும்தான்.

ஒரு சோதனை செய்து பார்த்தேன். பிரௌனிங்கின் ‘இன்சிடென்ட் ஆஃப் தி பிரெஞ்ச் கேம்ப்’ கவிதைக்கு அவன் வீடியோ பார்த்திருந்தான். கதையைச் சொல் என்றேன். 1809-இல் ராடிஸ்பான் நகரத்தை பிரெஞ்சுப் படை தாக்குவது, நெப்போலியன் மேட்டில் நின்று தவிப்பது, குதிரையில் பறந்து வந்த சின்னப் பையன் வெற்றிச் செய்தி சொல்வது, ‘காயம் பட்டிருக்கிறாயே’ என்று பேரரசன் பதறும்போது ‘இல்லை, செத்தே போய்விட்டேன்’ என்று சொல்லிச் சிரித்தபடி விழுவது, எல்லாவற்றையும் தமிழில் அருமையாகச் சொன்னான். பக்கத்தில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். சரி, இப்போது இதை இங்கிலீஷில் எழுது என்றேன். பதினைந்து நிமிஷத்தில் இரண்டரை வாக்கியம். நாற்பது நிமிஷ வீடியோவும் தமிழில் நடக்கிறது, பரீட்சை இங்கிலீஷில் நடக்கிறது. நடுவில் உள்ள தூரத்தை வீடியோ கடக்க வைப்பதில்லை. பார்த்து முடித்ததும் ‘படித்துவிட்டேன்’ என்ற நிம்மதி மட்டும் வந்துவிடுகிறது. எனக்குப் பயம் அந்த நிம்மதிதான்.

கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சுற்றும் உண்டு. என் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், கன்னடம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். கைடும் வீடியோவும் தமிழில் பொருள் சொல்லும்போது அவர்களுக்கு அதுவே இரண்டாவது மொழி. அப்படி ஒரு பெண் வீட்டுப் பேச்சில் பொருளைத் தானே எழுதி வைத்துக்கொண்டு படித்தாள். மற்றவர்களைவிட அவளுக்கு வரிகள் நன்றாக நின்றன. பொருளை அவளே தேடி எழுதியதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நான் அக்காவிடம் சொன்ன வழி செலவில்லாதது, ஆனால் ஆள் வேண்டும். பள்ளியில் கொடுத்த புத்தகத்தைத் திறந்து, கவிதையை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் ‘இது நம்ம ஊரில் என்ன’ என்று கேட்பது. கேட்க எளிது, நேரம் பிடிக்கும். ஒரு கவிதைக்கு ஒன்றரை மணி நேரம், ஆறு கவிதைக்கு ஒன்பது மணி நேரம். மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை.

யுலிசீஸையே எடுத்துக்கொள்கிறேன். ஓய்ந்து நிற்பது எவ்வளவு சலிப்பு, தீட்டாமல் துருப்பிடித்துக் கிடப்பது, பயன்பட்டு மின்னாமல் போவது என்று ஓரிடத்தில் சொல்கிறான். ஈஆர்சிக்கு வாகான வரி. ‘ரஸ்ட் அன்பர்னிஷ்ட்’ என்பதற்கு கைடு ‘மெருகேற்றப்படாமல் துருப்பிடித்தல்’ என்று போட்டிருக்கிறது. தப்பில்லை, ஆனால் பையன் மனதில் ஒன்றும் ஒட்டாது. நான் தகடூருக்குப் போனேன். இன்றைய தர்மபுரிதான் அன்றைய தகடூர், அதியமான் ஊர். சேலம் ரோட்டில் அதியமான்கோட்டை என்று பஸ் நிற்கிறதே, அந்த அதியமான். ஔவையார் அவனுக்காகத் தூது போனதைப் புறநானூறு 95-ஆம் பாட்டு சொல்கிறது. தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைப் பெருமையாகக் காட்டுகிறான். வேல்களுக்கு மயில்பீலி அணிவித்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில் வைத்திருக்கிறான். ஔவை பார்த்துவிட்டு, உன் ஆயுதம் இப்படிப் பளபளவென்று இருக்கிறது, எங்கள் அதியமானுடையதோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்கிறாள். புகழ்வது போல இகழ்ந்தாயிற்று.

பையன் உடனே பிடித்துக்கொண்டான். “அப்போ யுலிசீஸ் பட்டறையில கிடக்கத்தான் ஆசைப்படறான், மாமா.” அதே பொருள்தான். இரண்டு பாட்டுக்கும் இடையே ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது, அதையும் அவனே சொன்னான். தொண்டைமான் வேலில் நெய் இருக்கிறது, துரு இல்லை, ஆனாலும் பயன் இல்லை. யுலிசீஸ் தன்னையே துருப்பிடிக்கும் ஆயுதம் என்கிறான். ஆயுதம் ‘போல’ என்று சொல்லவில்லை. அப்போது அது உவமையா, உருவகமா? தமிழ்ப் பாடத்தில் அணி இலக்கணம் படித்த பிள்ளைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ‘போல’ என்ற சொல் வந்தால் உவமை, அதுதான் சிமிலி. வராமல் ஒன்றாகவே சொன்னால் உருவகம், மெட்டஃபர். முதல் ஓசை திரும்பத் திரும்ப வந்தால் ஏறக்குறைய நம் மோனை, அங்கே அலிட்டரேஷன். இதைப் புதிய பாடமாகச் சொல்லி ஏன் பயமுறுத்துகிறோம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

டென்னிசன் இதை 1833-இல் எழுதினார், நெருங்கிய நண்பர் ஹாலம் இறந்த வருஷம். அச்சில் வந்தது 1842-இல். பரீட்சையில் வருஷம் கேட்க மாட்டார்கள். ஆனால் நண்பனை இழந்தவன் எழுதிய ‘விட்டுக்கொடுக்க மாட்டேன்’ என்று சொன்னதும் பையன் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தான். அந்த ஒரு நிமிஷம் எந்தக் கைடிலும் வராது.

ஷேக்ஸ்பியரின் ‘ஆல் தி வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்’ எங்கள் ஊருக்காகவே எழுதியது மாதிரி. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பாரதக் கூத்து விடிய விடியப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம், ஒரே மனிதன் பல வேஷம் கட்டுவான் என்று விளக்கவா வேண்டும்? ராத்திரி ஒரு வேஷத்தில் வந்தவரே விடியற்காலையில் வேறு வேஷத்தில் வருவார். பையன்கள் குழம்புவது ஐந்தாவது, ஆறாவது பருவத்தில்தான். ஐந்தாவது, தொப்பை முன்னால் வர, மரத்தடியில் பஞ்சாயத்து பேசி நாலு பழமொழி எடுத்துவிடும் பெரியவர். ஆறாவது, அதே பெரியவர் இளைத்துப்போய், வாலிபத்தில் தைத்த கால்சட்டை தொளதொளக்க, குரல் கீச்சென்று ஆகி நிற்பது. ஊரில் இரண்டு பேரைக் காட்டிவிட்டால் முடிந்தது. யாரைக் காட்டினேன் என்று எழுத மாட்டேன்.

டோரு தத்தின் ‘அவர் காஸுவரினா ட்ரீ’க்கு மட்டும் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. சவுக்கு என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது சாரம் கட்டும் கழிதான். மலைப்பாம்பு மாதிரி கொடி சுற்றிய பெரிய மரம் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். சவுக்கை விட்டுவிட்டு ரோட்டோரப் புளியமரத்தை நினை, அதன் கீழ் உன்னோடு விளையாடிய அண்ணனும் அக்காவும் இப்போது இல்லை என்று நினை என்றேன். தத் எழுதியது அதைத்தான். 21 வயதில் அவரும் இறந்துபோனார். மற்ற மூன்று கவிதைகளில் இவ்வளவு சிக்கல் இல்லை, கைடையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே முடித்துவிடலாம்.

இந்த வழி எல்லாருக்கும் ஆகாது. அரையாண்டில் 20, 25 வாங்கிய பிள்ளையை யுலிசீஸோடு உட்கார வைத்துப் புறநானூறு பேசினால் அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். மினிமம் மெட்டீரியல் என்று பள்ளியில் கொடுப்பார்களே, அதுதான் அவர்களுக்குச் சரி. 20 ஒன் வேர்டு, லெட்டர், காமன் பாராகிராஃப், இதில் 35-ஐப் பிடிப்பது. இங்கிலீஷில் போனால் மற்ற பாடத்தில் எவ்வளவு வாங்கியும் பயனில்லை. அப்புறம், 85-க்கு மேல் வாங்குகிறவர்களுக்கு இதில் எதுவும் தேவையில்லை. பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, மூன்று மணி நேரம் எழுதட்டும். அவர்கள் இழப்பது பெரும்பாலும் நேரத்தில்தான்.

நடுவில் நிற்கிற, 45 முதல் 70 வரை வாங்குகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரையே. இவர்களுக்குக் கைடும் வேண்டும், வீடியோவும் வேண்டும், ஆனால் வரிசை மாறாமல். முதலில் வீடியோ, உச்சரிப்புக்கும் கதைக்கும் ஒரே ஒரு தடவை. அடுத்து புத்தகம், ஒரு ஆளோடு. ஆள் மாமாவாக இருக்க வேண்டியதில்லை, மாலைச் சிறப்பு வகுப்பில் வாத்தியாரை வழிமறித்துக் கேட்கலாம், மூன்று நண்பர்கள் சேர்ந்து உட்காரலாம். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு ஓர் ஈஆர்சி, ஒரு பாராகிராஃப் சொந்தமாக எழுத வேண்டும். கைடைத் திறப்பது அதற்கும் பிறகு, எழுதியதைச் சரிபார்க்க. கைடை முதலில் திறந்தவன் மூலக் கவிதைக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

“அப்போ கைடு வேண்டாம்கறியா? போன வாரமே வாங்கிட்டமேடா,” என்றாள் அக்கா. வேண்டாம் என்று சொல்லவில்லை, ஃபிரிட்ஜ் மேல் வை, அவன் எழுதிக் காட்டின பிறகு எடுத்துக் கொடு என்றேன். டியூஷனுக்கு ஒதுக்கிய பணம் மருந்தடிக்கப் போய்விட்டது.

போன ஞாயிறு பையன் வாட்ஸ்அப்பில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். துருப்பிடிக்கும் அந்த வரிக்கு ஈஆர்சி. ரெஃபரன்ஸ், கான்டெக்ஸ்ட் வழக்கம்போல. எக்ஸ்பிளனேஷனில் மூன்றாவது வாக்கியம் கைடில் இல்லாதது: வாள் வேலை செய்து முறிந்தால் கொல்லனிடம் போகும், வேலை இல்லாவிட்டால் துருதான் தின்னும், ராஜா கொல்லனிடம் போகவே விரும்புகிறான். இங்கிலீஷில் இரண்டு கிராமர் பிழை, ஒரு காற்புள்ளி தப்பு. மூன்றுக்கு இரண்டரை போட்டுத் திருப்பி அனுப்பினேன். “அரை எதுக்கு மாமா போச்சு?” என்று உடனே கேட்டான். டென்னிசன் பெயரின் நடுவில் இரண்டு ‘என்’ சேர்ந்து வரும், ஒன்றைத் தின்றுவிட்டாய் என்றேன்.